பாறைக்கொல்லை பங்களாவின் பின்பக்கம்

ஆம்பூர் கவுஸ் பாஷாவுக்கு எழுபது வயது தாண்டிய பிறகு ஒரு பங்களா வாங்கும் ஆசை வந்தது. அதுவரை அவர் வாங்கியதெல்லாம் தொழிலுக்கு வேண்டியவை. பச்சைத்தோல், சுண்ணாம்பு, தோல் உருட்டும் டிரம், ஒரு பழைய லாரி. குடியிருக்கும் வீடுகூட அவருடைய அப்பா கட்டியதுதான். தொழிலை மகன் தபரேஸ் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து வேளைத் தொழுகை, காலையில் செய்தித்தாள், மாலையில் கடைத்தெருவில் ஒரு டீ என்று நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். இனி ஆசைப்பட எதுவும் பாக்கியில்லை என்றே அவர் நினைத்திருந்தார்.

கண்ணைக் காட்டிக்கொள்ள வேலூருக்குப் போயிருந்தார் ஒரு நாள். வேலை முடிந்து லாங் பஜாரில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்தார்கள். நவநீதன். நிலத் தரகன். அவனுடைய அப்பா ஒரு காலத்தில் ஆம்பூரின் தோல் பதனிடும் டேனரிகளுக்கெல்லாம் உப்பு மூட்டை போட்டவர். அந்தப் பழக்கம் மகன் வரைக்கும் வந்திருந்தது.

"நல்ல நேரத்துல மாட்டினீங்க பாய். ஜவ்வாது மலையில ஒரு பழைய பங்களா வெலைக்கு வந்திருக்கு. வெள்ளைக்காரன் வேட்டைக்குன்னு கட்டினது. ஏழு ஏக்கர், சுத்தி காடு. டெவலப் பண்ண ஸ்கோப் ஜாஸ்தி. உங்க புள்ள காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க. ஷூ வாங்க வர்ற ஃபாரின்காரங்கள எல்லாம் அங்கயே தங்க வைக்கலாம்."

மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டபடியே போனை நீட்டினான். மருந்து விட்ட கண்ணுக்குப் படம் கலங்கித்தான் தெரிந்தது. வரிசையாகக் கல் தூண்கள். சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. இடது ஓரத்தில், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து நிற்கும் ஒரு பலாமரம்.

"பாறைக்கொல்லை" என்றார் கவுஸ் பாஷா.

"அட, உங்களுக்குத் தெரிஞ்ச எடமா?"

அவர் பேரீச்சம்பழப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தார். கடைக்காரப் பையன் பின்னால் ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

தெரிந்த இடம் என்று சொன்னால் போதாது. மே மாதத்து ஆம்பூரில் குடியிருந்தவர்களுக்குத்தான் அது புரியும். வெயில் ஏற ஏற டேனரிகளின் வாடையும் ஏறும். தண்ணீரில், துணியில், சோற்றில், தலையணையில் எல்லாம் அதுதான். அந்த மாதத்தில் மூன்று டேனரிக் குடும்பங்கள் சேர்ந்து ஊரைக் காலி செய்துகொண்டு மலையேறும். கவுஸ் பாஷா, அவருடைய தோஸ்த் ஜியாவுல்லா, இன்னொரு தோஸ்த் ரஃபி அகமது. இரண்டு ஜீப்பில் பெண்டாட்டி, பிள்ளை, தங்கச்சி, மாமியார், அரிசி மூட்டை, பாய், தலையணை. ஆலங்காயம் தாண்டி மலை ஏறினால் பாறைக்கொல்லை. அங்கே அந்த ஒரு பங்களாவும் எட்டுப் பத்துக் குடிசைகளும்தான். பங்களாவை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். இப்படிப் பத்துக் கோடைகளுக்கு மேல் போய்வந்தார்கள்.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மூன்று நண்பர்களும் கரடிப் பாறைக்கு நடப்பார்கள். பிளாஸ்கில் டீ. பாறை மேல் உட்கார்ந்தால் கீழே சமவெளி மொத்தமும் தெரியும். தூரத்துப் புகையைக் காட்டி இது உன் டேனரி, இது என் டேனரி என்று வம்பளப்பார்கள். ஜியாவுல்லா ஆள் மாதிரிப் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரர். பேங்க் மேனேஜர், சென்னை ஏஜெண்ட், ஜமாத் தலைவர் எல்லாரும் அவர் வாயில் வந்து போவார்கள். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கேரம். ரஃபி அகமது கஜல் பாடுவார். சுமாராகத்தான் பாடுவார், ஆனால் காட்டில் கேட்க நன்றாக இருக்கும்.

பிறகு பாலாறு கெடுகிறது என்று கோர்ட் உத்தரவு வந்து டேனரிகளை மூடிய வருஷம் வந்தது. சுத்திகரிப்பு நிலையம், வக்கீல், கடன் என்று மூன்று பேரும் மூன்று திசையில் அலைந்தார்கள். ஜியாவுல்லா தன் டேனரியைத் திறக்கவே இல்லை. பேரணாம்பட்டுக்குக் குடிபோய், கொரோனா சமயத்தில் அங்கேயே காலமானார். ரஃபி அகமது, மனைவி ஷமீம் இறந்துபோன பிறகு மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். மலைக்குப் போவது என்கிற பேச்சே யாரும் எடுக்காமல் நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. வெளியாள் இருந்தால் தமிழ். தபரேஸ் அவர் போனை வாங்கி, நவநீதன் அனுப்பியிருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"அப்பா, இது சும்மா விடற சரக்கு இல்ல. மலை, காடு, பழைய கட்டடம். இதத்தான் இப்ப எல்லாரும் தேடறாங்க. ஞாயித்துக்கெழமை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"போலாம். நீ, நானு, அந்த நவநீதன்" என்றார் கவுஸ் பாஷா.

கறி பரிமாறிக்கொண்டிருந்த முனவ்வர் பேகம் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "நானும் வர்றேன்" என்றாள்.

"உனக்கு முட்டி வலியாச்சே. மலை வளைவுல வண்டி குலுக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டாள். அவள் அப்படி ஒரு விஷயத்தில் தானாக முன்வந்து கேட்டது கவுஸ் பாஷாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தபரேஸ் கார் ஓட்டினான். கவுஸ் பாஷா முன் சீட்டில் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இந்த வளைவில்தான் ஜீப் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளினோம். இந்தப் புளியந்தோப்பில்தான் ரஃபி அகமதைத் தேனீ கொட்டியது. நவநீதன் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா பாய், அப்படியா பாய்" என்று கேட்டுக்கொண்டு வந்தான். விற்க வந்தவனுக்கு வேலையே மிச்சம் வைக்காமல் வாங்குகிறவரே பங்களாவின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் முனவ்வர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சாமை அறுத்த கொல்லைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை.

"ஜீப்ப தள்ளினது இங்க இல்ல. அதுக்கு மேல, சுனை இருக்கற வளைவுல" என்றாள்.

சுனை இருக்கும் வளைவு வந்ததும் அவருக்கும் அது சரியென்று பட்டது.

பங்களா அங்கேயே இருந்தது. ஓடுகள் பல இடங்களில் விலகி, வராந்தாவின் ஒரு மூலையில் மழைத்தண்ணீர் இறங்கிக் கறுத்திருந்தது. தூண்கள் கல் என்பதால் அவற்றுக்கு வயசாகவில்லை. சொந்தக்காரர் ஆரோக்கியசாமி வாசலுக்கு வந்து கும்பிட்டார். ஊருக்குக் கப்பலேறிய துரையிடமிருந்து இந்த இடத்தை விலைக்கு வாங்கியவர் அவருடைய தாத்தா. அந்தக் கோடைகளில் ஆரோக்கியசாமி இருபது வயசு வாலிபன். விறகு வெட்டிப் போடுவது, தண்ணீர் இறைத்து ஊற்றுவது, பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது எல்லாம் அவன்தான். இப்போது தலை நரைத்து, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய். நீங்கதானா. நவநீதன் ஆம்பூர் பார்ட்டின்னு மட்டும்தான் சொன்னாரு."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்கு விக்கற ஆரோக்கியம்?"

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா கீழ எறங்கினா ஒரு வாரம் படுத்துடறேன் பாய். பெங்களூர்ல மக கூப்பிட்டுக்கினே இருக்கா. எத்தினி நாளு தனியா இருக்கறது?"

காரிலிருந்து மெதுவாக இறங்கிய முனவ்வர், "தம்பி, தொட்டியில தண்ணி இருக்கா? முகம் கழுவணும்" என்றாள்.

ஆரோக்கியசாமி திரும்பிப் பார்த்தார். புர்காவின் முகத்திரை இன்னும் விலகவில்லை. "அம்மா, நீங்களா?" என்றார். "மொகத்த நான் பாத்ததே இல்ல. கொரல மறப்பேனா? 'தம்பி, தொட்டி காலி'ன்னு காலையில மொத கொரல் உங்களுதுதான்."

"இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்று சிரித்தாள் முனவ்வர். பின்பக்கம் போகும் வழியை யாரும் காட்டாமலேயே வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கவுஸ் பாஷா கூடத்துக்குள் நுழைந்தார். வௌவால் வாடையும் பழைய மர வாடையும் கலந்து வந்தது. கணப்பு அடுப்பு அப்படியே இருந்தது. அதன் மேல் காட்டெருமைத் தலை ஒரு கண்ணை இழந்து மாட்டியிருந்தது. தபரேஸுக்கு அந்தத் தலை மட்டும் ஞாபகம் இருந்தது. அதைப் பார்த்து ராத்திரியில் அழுதிருக்கிறானாம். ஜன்னலோரத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் ஜியாவுல்லா உட்கார்ந்துதான் ஜமாத் தலைவர் மாதிரிப் பேசுவார். கவுஸ் பாஷா அதன் கையைத் தடவிப் பார்த்தார். உட்காரவில்லை. வராந்தாவுக்கு வந்து பலாமரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் பார்க்கிறானே என்று இருமினார்.

தபரேஸ் அதற்குள் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தான். நவநீதனும் அவனும் போனில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, முன்பக்கம் இப்படியே இருக்கட்டும். ரிப்பேர் பண்ணி பாலிஷ் போட்டா போட்டோவுல நல்லா வரும். பின்னாடிதான் சமதளம். சாமை அடிக்கிற களம் மாதிரி எவ்ளோ பெரிசா இருக்கு. பத்து காட்டேஜ், நடுவுல ஒரு நீச்சல் குளம். பழைய சமையல்கட்ட இடிச்சா வண்டி போற வழியும் கெடச்சிடும்."

"முன்பக்கம் ஒரு கல்லையும் தொடாத. பின்னாடி நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்றார் கவுஸ் பாஷா. அதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷ யோசனைகூடத் தேவைப்படவில்லை. பின்பக்கம் என்றால் அவருக்கு விறகும் பாத்திரமும் புகையும்தான்.

பிறகு முனவ்வரைத் தேடிப் போனார். அவள் சமையல்கட்டில் இருந்தாள். முகத்திரையை எடுத்துவிட்டு, கரி பிடித்த அடுப்புமேடையில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"வா, கரடிப் பாறைக்குப் போலாம். வெயில் ஏறிடும்" என்றார். "ஞாபகம் இருக்குல்ல, அங்க உக்காந்தா டீக்கே ஒரு தனி ருசி."

"எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் அங்க போனதே இல்லையே."

அவர் சிரித்தார். "மறந்துட்ட. பத்து வருஷத்துக்கு மேல வந்திருக்கோம்."

"வந்தோம். நீங்க தொழுதுட்டு பாறைக்குப் போவீங்க. திரும்பி வந்து நாஷ்டான்னு உக்காருவீங்க. இருபது பேருக்கு ரொட்டி தட்டணும், குழந்தைங்களுக்குப் பால் காய்ச்சணும். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு ஒவ்வொரு வருஷமும் சொல்வீங்க. கடைசி வருஷம் நெஜமாவே கெளம்பினோம். மழை புடிச்சிக்கிச்சு."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போனதையும் கடை மூடியிருந்ததையும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்தப் பாறையைப் பற்றிக் கவுஸ் பாஷா எத்தனையோ தடவை வீட்டில் பேசியிருக்கிறார். பேசும்போதெல்லாம் அவளும் அதைப் பார்த்தவள் என்றே வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அவளும் ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

"அப்ப உனக்கு இந்த எடத்துல ஞாபகம் வச்சுக்க ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார்.

"யார் சொன்னது?" என்றாள் முனவ்வர்.

ஆரோக்கியசாமி மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தார். சமையல்கட்டின் பின்வாசலில், களத்தைப் பார்த்தபடி பழைய கல் மேடை ஒன்று இருந்தது. மூவரும் அங்கே உட்கார்ந்தார்கள். இந்த வயசில் இனி என்ன என்று முனவ்வர் முகத்திரையை மறுபடியும் போடவில்லை. எதிரே புளியமரம், அதற்கப்பால் காட்டின் விளிம்பு. ஆரோக்கியசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல இருந்தார்.

"அம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த சைக்கிள ஓட்டக் கத்துக்கினீங்களா கடைசியா?"

முனவ்வர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு புர்காவின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

"எந்த சைக்கிள்?" என்றார் கவுஸ் பாஷா.

ஆரோக்கியசாமி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்துவிட்டார்.

"சொல்லு தம்பி. இனிமே இன்னா?" என்றாள் முனவ்வர்.

"ஒண்ணுமில்ல பாய். நீங்கெல்லாம் மத்தியானம் சாப்ட்டுட்டு கூடத்துல தூங்குவீங்க. அப்ப இந்த அம்மாங்க உன் சைக்கிள கொஞ்சம் விட்டுட்டுப் போன்னு ஒரு பாப்பாகிட்ட சொல்லி அனுப்புவாங்க. நான் புளியமரத்துல சாய்ச்சு வச்சுட்டு, கீழ ஊருக்குள்ள போயிடுவேன். பொம்பளைங்க இருக்கற பக்கம் நான் இருக்கக் கூடாதில்ல. சாயந்தரம் வந்து பாத்தா சைக்கிள் வேற மரத்துல சாஞ்சிருக்கும். ஓட்டினாங்களா, விழுந்தாங்களா, எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மூணு பேரும் ஓட்டினோம்" என்றாள் முனவ்வர், கணவரைப் பார்த்து. "நான், ஜியாவுல்லா பாய் வீட்டு மஹ்மூதா, ரஃபி பாய் வீட்டு ஷமீம். மொத வருஷம் மஹ்மூதாதான் ஏறினா. புடவையோட பார் வச்ச சைக்கிள்ல எப்படி? அரை பெடல் போட்டு விழுந்து முட்டி பேந்துச்சு. அப்புறம் ஷமீம் ஒரு யோசனை சொன்னா."

"இன்னா யோசனை?"

"நீங்கெல்லாம் லுங்கியிலதான தூங்குவீங்க. உங்க பைஜாமா கொடியில சும்மா தொங்கிட்டு இருந்துச்சு."

கவுஸ் பாஷாவின் கையில் இருந்த டம்ளர் பாதி வழியில் நின்றது. "என் பைஜாமாவையா?"

"எனக்கு நீளம். மடிச்சு விட்டுப்பேன். ஒரு தடவ செயின்ல மாட்டி கிரீஸ் ஆயிடுச்சு. ஊருக்குப் போனதும் தோபிய வாசல்ல நிக்க வச்சுத் திட்டினீங்களே, அதுதான். பாவம், அந்த ஆளு எதிர்த்து ஒரு வார்த்த பேசல."

"எனக்கும் அடி விழுந்துச்சும்மா" என்றார் ஆரோக்கியசாமி. "ஒரு நா ஹேண்டில்பார் கோணிக்கினு நின்னுச்சு. எங்கப்பா கேட்டாரு. நான் பள்ளத்துல விட்டுட்டேன்னு சொன்னேன். முதுகுல ஒண்ணு வச்சாரு."

"அது நான்தான். நேரா புளியமரத்துலயே போய் முட்டிட்டேன்." அவள் முகம் சட்டென்று மாறியது. "உனக்கு அடி விழுந்துச்சா தம்பி? எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"அட விடுங்கம்மா. அந்த அடிய நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப சொன்னா சிரிப்பா இருக்கு."

மூவரும் சிரித்தார்கள். கவுஸ் பாஷா மற்ற இருவரையும்விடக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். மனசின் ஒரு ஓரத்தில் சுருக்கென்று இருந்தது. நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவள் இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மத்தியானத் தூக்கத்தில் எங்கோ பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டு அவர் புரண்டு படுத்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தச் சுருக்கு அதிக நேரம் நிற்கவில்லை. ஜியாவுல்லா போய்விட்டார். ரஃபி தூரத்தில் இருக்கிறார். அந்தக் கோடைகளைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்து, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது என்று அவர் பல வருஷமாக நம்பியிருந்தார். சொன்ன கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர்கள் கொட்டாவி விடும் நிலைக்கு வந்துவிட்டார். இப்போது பார்த்தால், அதே பங்களாவில், அவர் தூங்கிக்கொண்டிருந்த சுவருக்கு இந்தப் பக்கம், அவருக்குத் தெரியாத இன்னொரு கோடை நடந்திருக்கிறது. அவருடைய பைஜாமாகூட அதில் இருந்திருக்கிறது.

"இன்னும் இன்னா இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒரே நாள்ல சொல்ல முடியாது" என்றாள் முனவ்வர்.

அந்த நேரம் பார்த்துத் தபரேஸ் வந்தான். அம்மாவுக்கும் திட்டத்தை விளக்கினான். இங்கே காட்டேஜ், அங்கே குளம், இந்தச் சமையல்கட்டு இருக்கும் இடத்தில் வழி. முனவ்வர் கடைசி வரை கேட்டாள்.

"முன்பக்கம் நீ எதை வேணா இடி. இந்தப் பக்கம் தொடக் கூடாது" என்றாள்.

"அம்மி, அப்பா முன்பக்கம் தொடக் கூடாதுங்கறார். நீங்க பின்பக்கம் தொடக் கூடாதுங்கறீங்க. அப்ப நான் எங்கதான் கட்டறது?"

"பின்பக்கம் பத்தி நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்" என்றார் கவுஸ் பாஷா. "அம்மி சொல்றதுதான்."

தபரேஸ் நவநீதனைப் பார்த்தான். நவநீதன் வானத்தைப் பார்த்தான்.

கரடிப் பாறைக்கு இருவர் மட்டும் போனார்கள். முன்பு கால் தானாக நடந்த ஒற்றையடிப் பாதை இப்போது உண்ணிச்செடியில் மூடிக் கிடந்தது. கவுஸ் பாஷா ஒரு இடத்தில் தவறாகத் திரும்பி, திரும்பி வந்து, கம்பால் செடியை விலக்கிக்கொண்டே போனார். முனவ்வர் இரண்டு தடவை நின்று முட்டியைத் தடவிக்கொண்டாள். கையைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டாள். பகலில் பிறத்தியார் பார்க்கிற இடத்தில் அவர்கள் கைபிடித்து நடந்ததில்லை. இங்கே பார்க்க யாரும் இல்லை.

பாறை மேல் காற்று புர்காவை அடித்துப் பறக்க வைத்தது. கீழே வெயில் மங்கலில் சமவெளி கிடந்தது. தென்னை வரிசையை வைத்துத்தான் பாலாறு இருக்கும் இடம் தெரிந்தது. அந்தக் காலத்துப் புகைபோக்கிகள் ஒன்றிரண்டுகூடக் கண்ணில் படவில்லை. ஷூ கம்பெனிகளின் நீலக் கூரைகள் அங்கங்கே பளபளத்தன.

"நம்ம டேனரி எது?"

அவர் கையை நீட்டினார். பிறகு கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். பிறகு கையைக் கீழே போட்டார். "தெரியல. அப்பவும் எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கறேன். சும்மா சொல்லிக்குவோம்."

"இத பாக்கவா தினமும் இருட்டோட எழுந்து ஓடினீங்க?"

"பாக்க இல்ல. ஜியாவுல்லா பேசறத கேக்க."

"அத நாங்க சமையல்கட்டுலேர்ந்தே கேட்டோம். அவ்ளோ பெரிய கொரல் அவருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மஹ்மூதா வெறகு ஊதிக்கிட்டே சொல்வா, 'இவரு எங்கிட்ட இப்படி ஒரு நாள்கூட பேசினதில்ல'ன்னு. சொல்லிட்டு அவளும் சிரிப்பா" என்றாள்.

கவுஸ் பாஷா, புள்ளை காத்திருப்பான், கிளம்பலாம் என்று எழுந்தார். முனவ்வர் எழவில்லை.

"நீங்க போங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றாள்.

அவரும் மறுபடியும் உட்கார்ந்தார். கீழே ஒரு ரயில் புழு மாதிரி ஊர்ந்து போயிற்று. அவள் அது மறையும் வரைக்கும் பார்த்தாள்.

விலை பேசியதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆரோக்கியசாமியும் இழுக்கவில்லை, கவுஸ் பாஷாவும் இழுக்கவில்லை. நடுவில் நவநீதன்தான் பேஜாராகிப் போனான், தன் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லையே என்று. தபரேஸ் மட்டும் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு எஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போய், கீழே ஜீப் கொட்டகை இருந்து இடிந்துபோன மேட்டில் ஆறு அறைகள் கட்டலாம் என்று கண்டுபிடித்து வந்தான். அங்கிருந்துதான் காட்டுப்பள்ளம் நன்றாகத் தெரிகிறது என்று அவனே பிறகு சொல்லிக்கொண்டான். பங்களாவின் உத்தரத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அதை மாற்றி, ஓடு வேய்ந்து, சுவர் பூசி முடிக்கக் குளிர்காலம் முழுசும் ஆயிற்று.

பத்திரம் பதிந்த அன்றைக்கே ஆரோக்கியசாமி பெங்களூருக்குக் கிளம்பினார். மே மாசம் வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாமே என்று முனவ்வர் எவ்வளவோ கேட்டாள். "அப்புறம் போவ மனசு வராதும்மா" என்றார். சாவிக்கொத்தைக் கவுஸ் பாஷா கையில் வைத்துவிட்டு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மே மாதம் வந்தது. மகன் குடும்பம், மகள் ஆஃப்ரீன் குடும்பம் எல்லாரும் மலையேறினார்கள். பேரணாம்பட்டிலிருந்து மஹ்மூதா வந்தாள். ஜியாவுல்லா போனதிலிருந்து வெளியூர் எங்கும் போகாதவள், முனவ்வர் ஒரு தடவை கூப்பிட்டதும் வந்துவிட்டாள். சமையலுக்கு ஆலங்காயத்திலிருந்து ஒரு ஆளை வைத்திருந்தார்கள். முனவ்வர்தான் அப்படிக் கேட்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் கவுஸ் பாஷா கூடத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மருமகளின் குரல், ஆஃப்ரீனின் குரல், எல்லாவற்றுக்கும் மேலாக மஹ்மூதாவின் குரல். அவர் எழுந்து சமையல்கட்டு வழியாகப் பின்வாசலுக்குப் போனார். களத்தில் பாய் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் சட்டென்று எல்லாரும் அமைதியானார்கள். மஹ்மூதா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"இன்னா வேணும்?" என்று கேட்டாள் முனவ்வர்.

என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. "தண்ணி குடிக்க வந்தேன்" என்றார். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் கூடத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் பேச்சு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

வராந்தாவில் உட்கார்ந்து கனடாவுக்குப் போன் போட்டார். அங்கே விடிந்தும் விடியாத நேரம். ரஃபி அகமது தொழுகைக்கு எழுந்திருப்பார் என்று தெரியும். பங்களா வாங்கிய சேதியை முன்பே சொல்லியிருந்தார். சைக்கிள் விஷயத்தை மட்டும் மலையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதமாக வைத்திருந்தார். இப்போது சொன்னார். புளியமரம், அரை பெடல், கொடியில் தொங்கிய பைஜாமாக்கள் எல்லாவற்றையும். போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அந்த யோசனை ஷமீமுதா?" என்று கேட்டார் ரஃபி அகமது.

"ஷமீமுதான். முனவ்வர் சொன்னா."

"சைக்கிள் ஓட்டினாளா?"

"மூணு பேர்ல அவதான் நல்லா ஓட்டுவாளாம். இந்தக் களத்த சுத்தி, கைய விட்டுட்டுக்கூட ஓட்டுவாளாம்."

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஷமீம் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

"கவுஸ், இன்னொரு தடவ சொல்லு" என்றார் ரஃபி அகமது. "மெதுவா சொல்லு. எதையும் விட்டுடாத."

கவுஸ் பாஷா நாற்காலியைப் பலாமர நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.